பரிசா, கொள்ளையா?

‘பிரைஸ்’ என்றால் பரிசு என்றே பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆங்கிலத்தில் அவ்வொரு வடிவினுள் இரு சொற்கள் உறைகின்றன. விலையைக் குறிக்கும் இலத்தீன் ‘பிரெத்தியம்’ வழிவந்தது பரிசு. பிடித்தலைக் குறிக்கும் ‘பிரெஹெந்தெரே’ பிரெஞ்சில் ‘பிரீஸ்’ ஆகி, போரில் பறித்த பொருளுக்குப் பெயராயிற்று.

1799 மே 4இல் திப்பு சுல்தான் ஷஹீதானார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கருவூலத்தைக் கும்பெனிப் படையினர் பங்கிட்டனர். புலி அரியணையையும் உடைத்துக் கூறு போட்டனர். அப்பங்கிற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பிரைஸ் மணி’.

இதனைப் ‘பரிசுப் பணம்’ என்று தமிழாக்குவோரை நாம் வினவுகிறோம்: கொடுத்தவர் யார்? கொடுப்பவரின்றிப் பரிசு ஏது? அரபு நூலோர் அன்பளிப்பை ‘ஹதியா’ என்றும், போர்ப்பொருளைக் ‘கனீமத்’ என்றும் பிரித்தே வைத்தனர். ஒன்றை மற்றொன்றாக மயக்கினாரல்லர். தமிழிலும் ‘கொள்ளை’ என்ற சொல் உண்டு. அதனையே எழுதுக!