ஈரக் கையும் பழைய ஸ்விட்சும்

பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிலாளர்கள் தங்கும் பழைய வாடகை வீடுகளில் முதலில் மாற்ற வேண்டியது குளியலறை ஸ்விட்ச்தான். ஷிஃப்ட் முடிந்து குளித்த ஈரக் கை அதில்தான் படுகிறது. இங்கிலாந்தில் குளியலறைக்குக் கூரையிலிருந்து தொங்கும் கயிற்று ஸ்விட்ச் வைப்பார்கள். நமக்குக் கதவுக்கு வெளியே இருந்தாலே போதும். ஆனால் மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். எலக்ட்ரீஷியன் மெயினை ஆஃப் செய்தாரா? ஃபேஸ் வயரைத்தான் ஸ்விட்சுக்குக் கொடுத்தாரா? நியூட்ரலைக் கொடுத்துவிட்டால் விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். பல்பு மாற்றுகிறவர் கை வைப்பது அங்கேதான். கசிவு வந்தால் கண நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் வேண்டும். இந்தச் செலவை வாடகை வாங்கும் வீட்டுக்காரரே ஏற்பதுதான் நியாயம், குடியிருப்பவர் அல்ல.