விலையின்றி வரும் காட்சிகள்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே நடந்து செல்வோர், கூரைமேலும் மதிலோரத்திலும் வட்டமான டிஷ் அன்ரெனாக்கள் பலவற்றை இன்று காணலாம். அவற்றுட் சில, அயல் நாடாகிய இந்தியாவின் அரச ஒளிபரப்பு நிறுவனம் கட்டணமின்றி வழங்கும் அலைவரிசைகளைப் பெறுவதற்கெனப் பொருத்தப்பட்டவை. அவற்றை உற்று நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். அவை இந்தியா இருக்கும் திசையை நோக்கி நிற்பதில்லை. தென்கிழக்கு வானத்தை அண்ணாந்து பார்த்த வண்ணம் நிற்கின்றன. பூமத்திய கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில், கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில் நிலைகொண்டிருக்கும் ஜிசாட்-15 என்னும் செய்மதியே அவற்றின் இலக்கு. இந்தியாவைக் காண்பதற்காக இந்தியாவுக்கு முதுகு காட்டி நிற்கின்றன அவை!

இதனை வெறும் தொழில்நுட்பச் செய்தியாகக் கருதிவிடலாகாது. மாலைதோறும் நம் வீட்டுக் கூடத்திலே யார் பேசுகின்றார், எந்த ஊரின் செய்தியைச் சொல்கின்றார், எந்த வழக்கிலே சொல்கின்றார் என்பன ஒரு சமூகத்தின் பண்பாட்டை ஆக்குகின்ற வினாக்களாகும். ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் இவற்றைப் பற்றிச் சிந்தித்தே ஆகவேண்டும்.

பாக்கு நீரிணை வானலைகளுக்கு என்றுமே தடையாக இருந்ததில்லை. ஆனால், அந்த அலைகள் முதலிற் சென்ற திசை வேறு. 1952ஆம் ஆண்டிலே, அமைச்சர் பி. வி. கேஸ்கரின் காலத்தில், அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களுக்குக் கதவடைத்தது. இந்திய நேயர்கள் அதற்காகத் திரையிசையை மறந்துவிடவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். அமீன் சயானியின் ‘பினாக்கா கீதமாலா’ கொழும்பிலிருந்தே இந்தியாவெங்கும் ஒலித்தது. எஸ். பி. மயில்வாகனம் முதலிய நம்மவர் குரல்கள் தமிழகத்து வீடுகளிலே உறவினர் குரல்கள் போலப் பழகிப்போயின. இழந்த நேயரை மீட்பதற்காக 1957 ஒக்டோபரில் ‘விவித் பாரதி’ சேவையை இந்தியா தொடங்க நேர்ந்தமை வரலாறு. அன்று விலையின்றிக் கொடுத்தவர்கள் நாம், பெற்றவர்கள் அவர்கள்.

தொலைக்காட்சி வந்தபோது இந்த ஓட்டம் திசை மாறிற்று. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இலே தொடங்கியது. நம் நாட்டில் 1979இலே சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982இலே ரூபவாகினியும் தோன்றின. கொடைக்கானல் மலையிலே தூரதர்ஷனின் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தபின், வடபகுதி வீடுகளிலே நெடிய இரும்புக் குழாய்களின் உச்சியில் மீன்முள் போன்ற அன்ரெனாக்கள் உயர்ந்தன. கடல்மேற் காற்று ஒத்துழைத்த இரவுகளிற் படம் தெளிந்தது; மற்றை இரவுகளிற் புள்ளிமழையே பொழிந்தது. ஒருவர் கூரையருகே நின்று குழாயைத் திருப்புவார். மற்றவர் வீட்டினுள் இருந்து, “இன்னும் கொஞ்சம்… போதும், விட்டிடு!” என்று குரல் கொடுப்பார். பின்னர் இராமேசுவரத்திலே 323 மீற்றர் உயரமான கோபுரம் எழுந்தது. இடையிலே போர் வந்தது, மின்சாரம் போனது, பெட்டிகள் பல ஆண்டுகள் இருண்டு கிடந்தன. அந்தக் குழாய்களிற் பல இன்று துருவேறி நிற்கின்றன. சில கொடி உலர்த்தும் கம்பங்களாயின.

2004 டிசெம்பரில் இந்திய அரசு ‘டிடி டிரெக்ட் பிளஸ்’ என்ற பெயரில் மாதக் கட்டணமற்ற செய்மதிச் சேவையைத் தொடங்கியது. இன்று அது ‘டிடி ஃபிறீ டிஷ்’ என்று வழங்குகின்றது. செய்மதியின் ஒளிக்கற்றை நாட்டெல்லையைக் கண்டு நின்றுவிடுவதில்லை. காசுமீரத்திற்கு அனுப்பும் அலை காங்கேசன்துறையிலும் விழுகின்றது. டிஷ்ஷையும் பெட்டியையும் வாங்கிப் பொருத்தும் செலவைத் தவிர வேறு செலவில்லை. மாரி மழை கொட்டும் வேளையிற் படம் சிதைவதைத் தவிர வேறு இடையூறும் இல்லை.

இவ்வாறு பெறுவோரைப் பழிப்பது எம் நோக்கமன்று. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே டொலரொன்றுக்கு 200 ரூபா அளவிலிருந்த நாணய மதிப்பு சில வாரங்களுக்குள் 350ஐத் தாண்டி வீழ்ந்தது. அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற குடும்பம், தொலைக்காட்சிக்கென மாதந்தோறும் கட்டணம் செலுத்துவதை நிறுத்தியதிற் குற்றம் காண்பார் யார்? உழைத்துக் களைத்தவர்க்குக் கட்டணமில்லாத பொழுதுபோக்கு ஓர் ஆறுதலே.

ஆயினும், விலையின்றி வருவது எதுவோ அதற்கு வேறெங்கோ ஒருவர் விலை கொடுத்திருக்கின்றார் என்பதை மறத்தலாகாது. இச்சேவையின் செலவை ஏற்பது இந்திய அரச நிறுவனம். அதிலே இடம் வேண்டும் தனியார் அலைவரிசைகள் ஏலத்தில் இடம் பிடிக்கின்றன. விளம்பரதாரர் அந்த அலைவரிசைகளுக்குப் பணம் தருகின்றனர். நான்கு கோடிக்கும் மேற்பட்டவை என மதிப்பிடப்படும் இந்திய வீடுகளே இவர்கள் அனைவரின் கணக்கிலும் உள்ளவை. நம் வீடு எவர் கணக்கிலும் இல்லை. வேறொருவர் முகவரிக்கு எழுதப்பட்ட கடிதத்தை நாம் படித்துக்கொண்டிருக்கின்றோம். அந்தக் கடிதமும் பெரும்பாலும் இந்தி மொழியிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. தமிழ் அலைவரிசைகள் அங்கே சிறுபான்மையே.

பிறர் கடிதத்தைப் படிப்பதால் வருவது யாது? இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

2020 டிசெம்பர் 2ஆம் நாள் இரவு ‘புரெவி’ப் புயல் நம் கீழ்க்கரையிலே, திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட பகுதியிற் கரை தொட்டது. அதன்பின் வடபகுதியைக் கடந்து மன்னார் வளைகுடாவை நோக்கிச் சென்றது. தமிழகத்து அறிவிப்பாளருக்கு அது பாம்பனை நோக்கி ‘வரவிருக்கும்’ புயல். முல்லைத்தீவில் இருப்பவர்க்கோ அது தன் கூரையை ஏற்கனவே பிடித்து உலுக்கும் புயல். அறிவிப்பாளர் பிழையாக எதுவும் சொல்லவில்லை. தம் நேயர்க்கு வேண்டியதைச் சரியாகவே சொன்னார். நாம் அவருடைய நேயர் அல்லர் என்பதே உண்மை.

மற்றையது கடற்றொழிலாளர் பிரச்சினை. எல்லை தாண்டிய தமிழக மீனவர்கள் கைது செய்யப்படும்போது அச்செய்தி அங்கே தலைப்புச் செய்தியாகின்றது. அக்குடும்பங்களின் கண்ணீர் உண்மையானது. அதனை நாம் மதிக்க வேண்டும். ஆனால், அடிமட்ட இழுவைப் படகுகளால் வலை அறுபட்டு வெறுங்கையோடு கரை திரும்பும் வடபகுதித் தொழிலாளரும் தமிழரே. இழுவை மடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2017இலே இந்நாட்டில் நிறைவேறியதற்குப் பின்னால் இவர்களுடைய நெடிய முறையீடும் உண்டு. இந்தப் பக்கத்துக் கதை அந்தத் திரையில் மிக அருகியே தோன்றுகின்றது. நாள்தோறும் அத்திரையை மட்டும் பார்த்து வளரும் பருத்தித்துறைப் பிள்ளை, தன் தகப்பனின் துயரத்தைத் தகப்பனுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று அறிந்துகொள்கின்றது. மொழி ஒன்றாயிருத்தலால் நோக்கும் ஒன்றாகிவிடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நன்மையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2017இலே தொடங்கிய ‘சுவயம் பிரபா’ என்னும் கல்வித் திட்டம், உயர்கல்விப் பாடங்களை 32 அலைவரிசைகளில், இதே செய்மதி வழியாக ஒளிபரப்பத் தொடங்கியது. பொறியியலோ பௌதிகமோ பயிலும் நம் மாணவர் அவற்றைக் காண்பதிலே இலாபமே உண்டு. ஆனால், நம் சாதாரண தரப் பரீட்சையின் தமிழிலக்கியப் பாடத்தை அயல் நாட்டார் நடத்தித் தரப்போவதில்லை. 2020இலே தொற்றுநோயாற் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, நம் பாடத்திட்டத்திற்கு உரிய பாடங்களைத் தமிழிலே தர நம் நாட்டுத் தொலைக்காட்சியே முன்வர வேண்டியிருந்தது.

இனி, செய்யத்தக்கது யாது? ‘தடை செய்க’ என்பாருண்டு. கேஸ்கரின் கதவடைப்பு எவ்வாறு முடிந்தது என்பதை முன்னரே கண்டோம். நம் வரலாறும் ஒரு பாடம் புகட்டுகின்றது. எழுபதுகளின் முற்பகுதியிலே இந்தியச் சஞ்சிகைகளினதும் நூல்களினதும் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அந்த இடைவெளியில் ஈழத்து நாவல்கள் வீரகேசரிப் பிரசுரங்களாக ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. புதிய வாசகர் தோன்றினர். 1977இன் பின் இறக்குமதிக் கதவு திறந்ததும் அந்த வேகம் தளர்ந்தது. வேலி பயிருக்குச் சிறிது காலம் காவலாகலாம், வேலியே வேராகிவிடாது. அதே காலத்திலே டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’ 1966 முதல், வேலி இருந்தபோதும் இல்லாதபோதும், 2012 வரை வெளிவந்தது. இதழைத் தாமே கையிற் சுமந்து வாசகரைத் தேடிச் சென்றார் அதன் ஆசிரியர். தன்னுடைய வாசகரைத் தானே தேடிக்கொண்டமையே அவ்விதழின் வேர்.

தடையிலும் பார்க்க நல்ல வழியொன்றை நம் அயலார் ஒருவர் காட்டியிருக்கின்றனர். 2019 செப்டெம்பரிலே, வங்காளதேசத்து அரச தொலைக்காட்சி இந்திய அரச ஒளிபரப்பு நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இதே கட்டணமற்ற சேவையில் ஏறி இந்திய வீடுகளுக்குட் புகுந்தது. வங்காளிகள் கதவை அடைக்கவில்லை. அதனை இருவழிக் கதவாக்கினர். இலங்கையின் தமிழ் அலைவரிசை ஒன்று அதே செய்மதியில் ஏன் இடம் பெறலாகாது? நம் கலைஞரின் குரல் மீண்டும் தமிழகத்து வீடுகளில் ஏன் ஒலிக்கலாகாது? இந்திய மீனவர் குடும்பமும் நம் மீனவர் குடும்பமும் ஒன்றையொன்று ஒரே திரையிற் கண்டுகொள்ள ஏன் வழி செய்யலாகாது? இவ்வாறான உடன்பாட்டைக் கேட்பது நம் அரசின் கடமை. அரசைக் கேட்கத் தூண்டுவது நம் கடமை.

ஆனால், இடம் கிடைத்தால் அனுப்புவதற்கு நம்மிடம் என்ன இருக்கின்றது? இதுவே கசப்பான வினா. நம் தமிழ் அலைவரிசைகளிற் பலமணி நேரம் ஓடுவது இந்தியத் தொடர்களும் இந்தியத் திரைப்படங்களுமே. அவர்களிடமிருந்து பெற்றதை அவர்களுக்கே திருப்பி அனுப்புவதா? ஒரு காலத்திலே சானாவின் ‘லண்டன் கந்தையா’வும், சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாக’மும் வானொலியில் ஒலித்தபோது, யாழ்ப்பாணத்துப் பேச்சு கேலிக்குரியதன்று, கலைக்குரியது என்பதை நேயர் உணர்ந்தனர். அந்த நாடகங்களுக்குப் பெரும் பொருள் தேவைப்படவில்லை. நல்ல எழுத்தும், பழகிய குரலும், சொந்த மண்ணில் நம்பிக்கையுமே தேவைப்பட்டன. இன்று ஒளிப்படக் கருவி ஒவ்வொரு மாணவனின் சட்டைப்பையிலும் இருக்கின்றது. எழுதுவோர்தான் முன்வர வேண்டும்.

நம் பாடசாலைகளிலே தமிழ்த்தினப் போட்டிகளுக்கென ஆண்டுதோறும் நாடகங்கள் எழுதப்படுகின்றன. மேடையேறிய மறுநாளே அவை மறைந்துபோகின்றன. அவற்றுட் சிறந்தவற்றையேனும் பதிவுசெய்து ஒளிபரப்பினால் என்ன? கிராமத்து அண்ணாவிமார் கூத்தையும், மலைநாட்டுக் காமன் கூத்தையும், மட்டக்களப்பு வசந்தனையும் ஒரே அலைவரிசையிற் காணும் நாளிலே, இந்நாட்டுத் தமிழர் முதலில் ஒருவரையொருவர் அறிந்துகொள்வர். அதன்பின் அயலார்க்கு நம்மை அறிவிக்கலாம்.

கூரைமேல் நிற்கும் டிஷ்ஷைக் கழற்ற வேண்டியதில்லை. அது பெறுவதற்கு மட்டுமே அமைந்த கருவி, பெறுவதிற் குற்றமில்லை. நாமும் பெறுவதற்கு மட்டுமே அமைந்தவராய் இருந்துவிடலாகாது. எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் நம் குரல் கடல் கடந்து சென்று அங்குள்ளோர் வீட்டு மாலைகளை நிறைத்தது. அன்று நமக்கு இருந்ததெல்லாம் ஒரு வானொலி நிலையமும், சொல்வதற்கு நம்மிடம் ஏதோ உண்டு என்ற துணிவுமே. நிலையங்கள் இன்று பல உள்ளன. அந்தத் துணிவை மீண்டும் தேடிக்கொள்வோமாக.