புகழுரை போதுமா?

அயர்லாந்தின் 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, இல்லத்தில் பெண் ஆற்றும் பணியின்றிப் பொதுநலன் இல்லை என்று போற்றுகிறது. பொருளாதார நெருக்கடியால் தாய்மார் இல்லக் கடமையைப் புறக்கணித்து வேலைக்குச் செல்ல நேராதபடி அரசு முயலும் என்றும் கூறுகிறது. கத்தோலிக்க சமூகப் போதனையின் சாயல் படிந்த சொற்கள்! ஆனால் நடந்தது என்ன? மணமுடித்த பெண்ணை அரசுப் பணியிலிருந்து விலக்கும் விதி 1973 வரை நீடித்தது. இல்லப் பணிக்கு ஊதியமும் இல்லை. அரசுப் பணிக்கு வழியும் இல்லை.

2024 மார்ச் 8-இல், அச்சொற்களை அகற்றி, குடும்பத்தினர் ஒருவரையொருவர் பேணுவதற்குத் துணைநிற்க அரசு ‘முயலும்’ என்று எழுதுவதற்கு மக்களின் ஒப்புதல் கேட்கப்பட்டது. வாக்களித்தோரில் 73.9 விழுக்காட்டினர் மறுத்தனர். திருமணத்திற்கு அப்பாலும் குடும்பத்தை விரிக்கும் திருத்தமும் அன்றே தோற்றது.

இதைப் பழமையின் வெற்றியென நாம் கொண்டாடினால் அது பேதைமை. மறுத்தோருள் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக வாதாடியோரும் இருந்தனர். பேணும் பொறுப்பைக் குடும்பத்தின் தோளில் ஏற்றிவிட்டு, அரசு வெறும் முயற்சியோடு நின்றுவிடலாமா என்பதே அவர்கள் எழுப்பிய வினா.

நோயுற்ற பிள்ளையின் அருகே இரவெல்லாம் விழித்திருப்பவளுக்குப் புகழுரை உணவாகுமா? மேடைதோறும் தாய்மையைப் போற்றும் நாமும் இவ்வினாவுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்களே. நீதி தராத புகழ்ச்சி, அன்பின் பெயரால் நிகழும் சுரண்டலன்றி வேறென்ன?