தொலைநோக்கி காணும், அடையாளம் சொல்வது ஆய்வகம்

வானியலின் அடுத்த பெரிய கண்டுபிடிப்பு அடுத்த பெரிய தொலைநோக்கியிலிருந்துதான் வரும் என்பது இன்று பலரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட கருத்து. அணுக்களையும் மூலக்கூறுகளையும் ஆய்வகத்தில் அளப்பது பழைய வேலை, அது என்றோ முடிந்துவிட்டது, மிச்சத்தைக் கணினி கணக்கிட்டுவிடும் என்பவை அதற்குத் துணையாக வரும் வாதங்கள். இவற்றில் ஒன்றும் நிற்காது. தொலைநோக்கி தருவது, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வருகிறது என்ற அளவை மட்டுமே. அந்த ஒளியை உமிழ்ந்தது எது என்று சொல்ல, பூமியில் அளந்து வைத்த எண்கள் வேண்டும்.

ஹீலியத்தை முதலில் சூரியனில்தானே கண்டார்கள் என்று கேட்கலாம். 1868-இல் தென்பட்ட மஞ்சள் நிறமாலைக் கோட்டைப் புதிய தனிமத்துக்குரியது என்று வானியலாளர் லாக்கியர் கருதியது உண்மைதான். ஆனால் 1895-இல் வேதியியலாளர் வில்லியம் ராம்சே யுரேனியத் தாது ஒன்றிலிருந்து வெளிவந்த வாயுவில் அதே கோட்டைக் காணும்வரை அது ஊகம்தான். அதே வழியில் ஊகித்த வேறு இரண்டு தனிமங்கள் பொய்த்துப்போயின. ஒளிமுகில்களின் பச்சைக் கோடுகளுக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட 'நெபுலியம்', இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் என்று 1927-இல் இயற்பியலாளர் ஐரா போவன் காட்டினார். சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் இருப்பதாகச் சொல்லப்பட்ட 'கொரோனியம்', 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு என்பது 1940-களின் தொடக்கத்தில் இயற்பியலாளர் எட்லன் செய்த ஆய்வில் உறுதியானது. கொரோனாவின் வெப்பநிலை பத்து லட்சம் டிகிரியை எட்டுகிறது என்பதும் அதனால்தான் ஏற்கப்பட்டது. அந்தக் கோடுகளை அன்றைய ஆய்வகங்களில் உண்டாக்கவே முடியவில்லையே என்றால், அதுவும் சரிதான். எனினும் போவன் கணக்கிட்டது, ஆய்வகத்தில் அளந்த புறஊதாக் கோடுகளிலிருந்து கிடைத்த ஆற்றல் நிலைகளை வைத்துத்தான்.

வேலை முடிந்துவிட்டது என்பது அடுத்த வாதம். விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் ஒளியை உறிஞ்சும் அகன்ற பட்டைகள் சிலவற்றை வானியலாளர் மேரி லீ ஹெகர் கவனித்து நூறாண்டு ஆகிவிட்டது. இன்று அத்தகைய பட்டைகள் நூற்றுக்கணக்கில் தெரியும். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெரியாது. 1994-இல் இரண்டு பட்டைகள் 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் அயனியுடையவையாக இருக்கலாம் என்று கூறப்பட்டது. அதைச் சோதிக்க அந்த அயனியை விண்வெளியில் இருப்பதுபோல் தனியாகவும் குளிராகவும் வைத்தாக வேண்டும். 2015-இல் பாசல் பல்கலைக்கழகத்தில் அயனிகளைப் பொறியில் அடைத்து, சுமார் 6 கெல்வினுக்குக் குளிர்வித்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஹீலியம் அணுவை ஒட்டவைத்தார்கள். பிறகு லேசரின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றினார்கள். அயனி ஒளியை உறிஞ்சினால் ஹீலியம் கழன்றுவிடும். அது கழன்ற அலைநீளங்கள் வானில் கண்ட இரண்டு பட்டைகளோடும் பொருந்தின. இருபதாண்டு ஐயத்தைத் தீர்த்தது இந்தச் சோதனைதான்.

கணினி போதும் என்பதற்கு இரும்பே பதில் சொல்கிறது. சூரியனின் உட்பகுதியை ஒத்த நிலையில் இரும்பு எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் அளந்து 2015-இல் வெளியிட்டது. கணிப்புகளைவிட அளவு 30 முதல் 400 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. கணக்கு எங்கே தேட வேண்டும் என்று வழிகாட்டும், அளவுகள் இல்லாத இடத்தை நிரப்பும். அதன் பயனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கு சரியா என்பதை அளந்து பார்த்துத்தான் அறிய முடியும். ஆகவே புதிய தொலைநோக்கிக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள், அது கொண்டுவரும் கோடுகளை அடையாளம் காணும் ஆய்வகங்களுக்கும் அதே திட்டத்தில் பங்கு ஒதுக்க வேண்டும்.