சுருளும் தட்டும்



பழைய அலமாரியைத் துப்புரவு செய்கையில், கறுப்பு உறையிட்ட சதுரத் தட்டுகளும் கேசட் நாடாக்களும் சில இல்லங்களில் இன்றும் அகப்படுவதுண்டு. அவற்றை எறிந்துவிடுமுன், அவை ஆற்றிய பணியைச் சற்று அறிந்துகொள்வோம்.

1982-இல் அமெரிக்காவில் வெளிவந்த கமடோர் 64 என்னும் வீட்டுக் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தை நிறுத்தியதும் நாம் அதில் எழுதியவை யாவும் அதன் நினைவிலிருந்து மறைந்துவிடும். ஆகவே அவற்றைக் காக்க வெளியே ஓர் இடம் வேண்டியதாயிற்று. மலிவான வழி, பாட்டுக் கேட்கும் அதே கேசட் நாடாதான். எழுத்துகள் ஒலித்துடிப்புகளாகி அதில் பதிந்தன. வேகமோ வினாடிக்கு ஏறத்தாழ 50 எழுத்துகளே! 30,000 எழுத்துகள் கொண்ட ஒன்றைத் திரும்பப் பெறப் பத்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். மேலும், நாடா சுருளேடு போன்றது. நடுவில் உள்ளதை அடைய முன்னுள்ளதைக் கடந்தே ஆகவேண்டும். அதனால், கருவியின் எண்காட்டியைப் பார்த்து, எது எங்கே தொடங்குகிறது என்று உறைமீது குறித்து வைப்பர்.

5¼ அங்குல பிளாப்பி தட்டோ பக்கம் புரட்டும் நூலை ஒத்தது. படிக்கும் முனை வேண்டிய இடத்திற்கு நேரே செல்லும். அக்கணிப்பொறிக்குரிய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 170 கிலோபைட் அடங்கிற்று.

தவறி அழித்துவிடாதிருக்க இரண்டிற்கும் காவல் உண்டு. கேசட்டின் முதுகிலுள்ள சிறு தகட்டை ஒடித்துவிட்டால், அதன்மேல் மீண்டும் பதிய இயலாது. இத்தட்டிலோ, ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடவேண்டும்.

ஆயினும், தட்டு பழுதின்றி இருந்தும் அதைப் படிக்கும் கருவி கிடைக்காவிடில் என்ன பயன்? பின்னர் வந்த 3½ அங்குலத் தட்டுகளையும் ஜப்பானில் விற்பதை சோனி நிறுவனம் 2011-இல் நிறுத்திவிட்டது. மறைந்த தந்தையார் தட்டச்சு செய்த கடிதமோ, குடும்ப வரலாறோ அத்தகைய தட்டில் இருக்குமாயின், அது நம் கையிலிருந்தும் நமக்கு எட்டாததாகிவிடும் அன்றோ!

எனவே, தட்டைக் கண்டதும் அதன் திறந்த பகுதியைத் தொடாதிருப்போம். பூஞ்சை படிந்திருந்தால் கருவியில் இடாதிருப்போம். முதலில் எழுத்துக் காவலிட்டு, பழைய கருவி வைத்திருப்போரிடம் கொடுத்துப் படியெடுப்போம். அப்படிகள் இரண்டை வெவ்வேறு இடங்களில் வைப்போம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சாதனத்திற்கு மாற்றுவோம். காந்தப் பதிவு நாளடைவில் மங்கும். நாம் தாமதித்தாலும் அது காத்திராது. இவ்வாரமே அந்த அலமாரியைத் திறந்து பார்ப்போமாக!