பெயரில் தமிழ், பார்வையில் தில்லி

மண்ணுலகை வெப்பத்தின் அளவால் மண்டலங்களாகப் பிரித்துப் பெயரிட்டோருள் முந்தியவர் கிரேக்கர். எரிமண்டலம் ஒன்று, உறைமண்டலம் இரண்டு, அவற்றிடையே மட்டான மண்டலம் இரண்டு என ஐந்தாக அவர் வகுத்தனர். எரிமண்டலத்தில் வெம்மை மிகுதியால் மாந்தர் வாழவியலாது என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிசுடாட்டில் எழுதி வைத்தார். அப்பேரறிஞர் அதனை எழுதுவதற்குப் பன்னூறாண்டுகட்கு முன்பே, அவ்வெரிமண்டலத்தின் உள்ளே, பொருநை பாயும் நாட்டில் மக்கள் நெல்லுண்டு வாழ்ந்தனர். சிவகளைத் தாழியுள் கிடைத்த நெல்லின் காலம் ஏறத்தாழக் கி.மு. 1155 எனத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. கிரேக்கர்க்குத் தம் கடற்கரை ஒன்றே மட்டானது. அதற்குத் தெற்கெல்லாம் சுடுகாடு, வடக்கெல்லாம் பனிக்காடு!

பெயர் வைப்பவன் எங்கே நின்று பார்க்கின்றான் என்பதைப் பெயரே காட்டிக் கொடுத்துவிடும். கிரேக்கரொடு ஒழிந்த குறையன்று இது. தமிழ்ப்பிள்ளைகள் கையிலுள்ள நிலநூல்களிலும் இக்குறை குடியிருக்கின்றது.

ஓரிடத்தின் தட்பவெப்பத்தை உருவாக்கும் கரணியங்கள் பல. அவற்றுள் தலையாயது கதிர் விழும் சாய்வு. நிலவுலகின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருப்பதால், கடகக்கோட்டிற்கும் சுறவக் கோட்டிற்கும் இடைப்பட்ட நிலத்தில் மட்டுமே கதிரவன் நேர் உச்சிக்கு வரும். இஃதொன்றே அளவுகோல் எனின், நிலநடுக்கோட்டை ஒட்டிய கீற்றோ நகர் கொதித்துக் கிடத்தல் வேண்டும். அதுவோ 2,850 மீட்டர் உயரத்தில் ஆண்டு முழுதும் குளிர்ந்திருக்கின்றது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும். உதகை குளிர்வதும் இதனாலேயே. பெரு நாட்டின் இலிமா கடலோரத்தில் இருந்தும் பாலையாயிற்று. அங்கு ஓடும் குளிர்நீரோட்டம் முகிலை மழையாக விடுவதில்லை. மலையும் அவ்வாறே. மேற்குத்தொடரின் ஒருபுறம் சின்னக்கல்லாற்றில் மழை கொட்ட, மறுபுறம் கோவைச் சமவெளி வானம் பார்த்துக் கிடக்கின்றது.

இத்தனை கரணியங்களும் கூடி ஒரு நிலத்தில் இறுதியாகச் செய்தது என்ன என்பதை எதனைக் கொண்டு அறிவது? உருசியாவிற் பிறந்து செருமனியிற் பணியாற்றிய விளாதிமிர் கோப்பென், நிலைத்திணை கொண்டு அறியலாம் என்றார். அவர் நிலைத்திணையியல் கற்றவர். எங்கு எம்மரம் வளர்கின்றதோ அதனையொட்டியே எல்லை கீறினார். வெப்பம் மிக்க திங்களிலும் 10 பாகையை எட்டாத இடத்தில் மரம் நிற்பதில்லை, அது பனிமண்டலம். குளிர் மிக்க திங்களிலும் 18 பாகைக்குக் குறையாத இடம் வெப்பமண்டலம். 1884-இல் தொடங்கிய இவ்வாராய்ச்சி 1900-இல் முழு வகைப்பாடாகி, 1936 வரை அவராலேயே திருத்தம் பெற்றது. உலகம் இன்றும் அதனைக் கையாள்கின்றது.

நிலத்தைப் பூவால் அழைத்த இனத்தார்க்கு இது புதுமையாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டாற் பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். இதனைக் கேட்டவுடன், கோப்பென் கண்டதெல்லாம் நம் ஏட்டிலேயே உள்ளது என்று மேடையில் முழங்கப் புறப்படுவோர்க்குக் குறைவில்லை. அம்முழக்கத்தால் தமிழுக்கு ஒரு பயனுமில்லை. தொல்காப்பியர் வெப்பமானி கொண்டு அளந்தவர் அல்லர். நிலத்தின் இயல்பை அதன் பூவிலும் புல்லிலும் படிக்கலாம் என்று கண்டவர். அப்பெருமையே போதும்.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நேர்ந்துள்ளது. தமிழர் நாற்றிசைக் காற்றிற்கும் தனித்தனிப் பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். கொண்டல் என்பது முகிலுக்கும் பெயர். நீரைக் கொண்டது கொண்டல். காற்றிற்கும் முகிலுக்கும் ஒரே பெயர் அமைந்தது எதனால்? கீழைக்கரையில் நின்று பார்த்தவனுக்கு மழை கிழக்கிலிருந்தன்றோ வந்தது! தென்மேற்குக் காற்று தன் நீரையெல்லாம் மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வரும். துலைத் (ஐப்பசி) திங்களில் ஆசியப் பெருநிலம் குளிரத் தொடங்க, காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வீசி, வங்கக் கடலில் நீர் முகந்து தமிழகக் கரையில் பொழியும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இதனால் வருவது. கோடை வறண்டு குளிர்காலத்தில் மழைபெறும் வெப்பமண்டலம் உலகில் அரிது. அதனால் சில உலகப் படங்களில் இக்கரைக்குத் தனிக்குறியே உண்டு.

உலகப் படம் காட்டும் இத்தனித்தன்மையை 1875-இல் ஆங்கிலேயர் நிறுவிய இந்திய வானிலைத்துறையின் ஆண்டுப் பகுப்பில் தேடினால், அக்டோபர் முதல் திசம்பர் வரையுள்ள திங்கள்கள் 'பருவமழைக்குப் பிந்திய காலம்' என்றிருக்கும். தமிழனுக்கு மழை தொடங்கும்போது அவர்கட்கு மழை முடிந்துவிட்டது! பள்ளி நூல்களிலும் 'பின்னடையும் பருவக்காற்று' என்னும் பெயர் வழங்குகின்றது. தில்லியில் நின்று பார்ப்பவனுக்கு அது பின்னடைவதே; நாகையில் நிற்பவனுக்கோ அது முகத்தில் வந்தறையும் காற்று.

பெயர்தானே என்று தள்ளிவிடல் ஆகாது. 2016-இல் தென்மேற்குப் பருவமழை நாடு முழுமைக்கும் இயல்பில் 97 விழுக்காடு பெய்தது. 'இயல்பான மழை' என்று கணக்கெழுதப்பட்டது. அதே ஆண்டின் கொண்டற்பருவத்தில் தமிழகத்திற்கு வரவேண்டிய மழையில் ஏறத்தாழ 62 விழுக்காடு வரவில்லை. காவிரிப் படுகையில் பயிர் கருகியது. 2017 சனவரியில் மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சியுற்றனவாக அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே தமிழக உழவர் மண்டையோடுகளை ஏந்தித் தில்லித் தெருவில் அமர்ந்தனர். இயல்பான மழை பெய்த நாட்டில் இவர்கட்கு மட்டும் என்ன குறை என்று வழிப்போக்கன் கேட்டால், அவன் படித்த நூலில் அதற்கு விடையில்லை.

தனித்தமிழ் அன்பர் இங்கே ஆழ்ந்து எண்ணுதற்கு ஒன்றுண்டு. முன்பு நூல்களில் 'சீதோட்ண நிலை' என்றிருந்தது. தமிழுணர்வு வளர்ந்தபின் 'தட்பவெப்ப நிலை' ஆயிற்று. நல்ல வெற்றி. ஆயின் 'பின்னடையும்' என்னும் சொல்லில் களைய வேண்டிய வடவெழுத்து ஒன்றேனும் உண்டா? இல்லை. சொல் தூய தமிழ். அதனுள் இருக்கும் கண் தமிழனுடையது அன்று. எழுத்தைச் சலித்தெடுக்கும் சல்லடையில் இஃது அகப்படாது. ஆங்கில நூலை வரிக்கு வரி பெயர்த்தெழுதும் வரை இவ்வகைச் சொற்கள் வந்துகொண்டே இருக்கும்.

தமிழகப் பாடநூற் குழுவினர்க்கு இது கடினமான பணியன்று. நிலநூலில் தட்பவெப்பப் பகுதியைத் தமிழ்ப்பிள்ளையின் ஊர்க்காற்றிலிருந்து தொடங்கலாம். கொண்டற்பருவம் என்று அதன் பெயரை எழுதலாம். அங்கிருந்து கீற்றோவிற்கும் இலிமாவிற்கும் அழைத்துச் செல்லலாம். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் படிக்கும் பிள்ளைகட்கும் அப்பெயர் பொருந்தும். தஞ்சையின் சம்பாவும் ஈழத்தின் பெரும்போகமும் காத்திருப்பது அந்த ஒரே காற்றிற்காகத்தான்.