திறவுகோல் சரி, இல்லம் எங்கே?

கடவுச்சொல்லைத் தவறின்றி எழுதியும் கணினி உள்ளே விட மறுத்தால் மாணவர் உள்ளம் கலங்குகின்றது. ஆண்டு முழுவதும் எழுதிய ஆய்வேடு அழிந்துபோயிற்றோ என்னும் அச்சமும் உடன் எழுகின்றது. அவ்வச்சம் பெரும்பாலும் வேண்டாததே.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய யூனிக்ஸ் முறையில், ஒவ்வொருவருக்கும் 'இல்லம்' எனப்படும் கோப்புறை ஒன்று உண்டு. 1984ஆம் ஆண்டில் சன் மைக்குரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்.எப்.எஸ். என்னும் முறையை ஆக்கியளித்தது. அதனால், அவ்வில்லத்தை வழங்கி ஒன்றில் வைத்துவிட்டு, கூடத்திலுள்ள எக்கணினியில் அமர்ந்தும் அதனை அடைய முடிந்தது. ஆகவே இங்கு உட்புகுதல் இருவகைச் செயலாகும்: ஆளை அறிதல் ஒன்று, அவர்தம் இல்லத்தை அடைதல் மற்றொன்று. திறவுகோல் சரியாயிருக்கப் பாதை அடைபட்டிருத்தலும் கூடும்.

குறையைக் காண்பது எங்ஙனம்? நிருவாகிக்குரிய 'ரூட்' கணக்கின் இல்லம் பொதுவாக அக்கணினியிலேயே இருக்கும். அவர் எழுத்துத் திரையில் தடையின்றிப் புகுந்தால், குறை பாதையில் உள்ளதெனக் கருதலாம். பின்னர் 'மவுண்ட்' என்னும் கட்டளையால், வழங்கி இணைந்துள்ளதா என அறிக.

மாணவர் புகும்போது திரை அசைவற்று நின்றால், கணினி வழங்கியின் மறுமொழிக்குக் காத்திருக்கக்கூடும், வலையமைப்பை ஆராய்க. புகுந்தபின் இல்லம் காணப்படாவிடின், இணைப்பே நிகழவில்லை எனலாம். 'அனுமதியில்லை' என வந்தால் பயனர் எண்களை ஒப்பிடுக. வழக்கமான என்.எப்.எஸ். அமைப்பு பெயரை நோக்காது, எண்ணையே நோக்கும். கணினியில் 1001 எனவும் வழங்கியில் 1005 எனவும் பதிந்திருந்தால், உரியவரே அந்நியராகிவிடுவார். எழுத்துத் திரை இடந்தந்தும் சித்திரத் திரை மீண்டும் மீண்டும் பெயரையே கேட்டால், அவருக்கு ஒதுக்கிய இடம் நிரம்பியதோ எனப் பார்க்க.

இவற்றை அறியுமுன் கணக்கை அழித்துப் புதிதாக ஆக்கற்க. இணைப்பற்ற வெற்றுக் கோப்புறையில் எதனையும் எழுதவும் வேண்டா. வழங்கி மீண்டும் இணைந்ததும் அவ்வெழுத்துகள் அதனடியில் மறைந்துவிடும்.

வழங்கியின் வட்டே பழுதுற்றாலன்றி, ஆய்வேடு வைத்த இடத்திலேயே இருக்கும். மாணவர்களே, வழி அடைபட்டதைக் கண்டு வீடே இடிந்ததென எண்ணி, அதனை நீங்களே இடித்துவிடாதீர்கள்!